அறுபத்திரண்டாம் பக்கம்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இறங்கும் தெருவில் றவூபின் ஹாட்வெயார் கடையைத் தெரியாதவர்கள் குறைவு. கடைக்கு மேல்மாடியில் அவருடைய மனைவி ஷஹீலா பதினைந்து வருடமாக ஆங்கில வகுப்பு நடத்திவந்தாள். ஊர்ப் பிள்ளைகளுக்கு அவள் ஷஹீலா டீச்சர்.

கொரோனா ஊரடங்கில் வகுப்பு நின்றுபோனது. கடையும் பூட்டு. பொழுது போகாமல் போனைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் இணையத்தில் அந்தக் கேள்வியைக் கண்டாள். இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில் ஷ்ரொப்ஷயர் என்று ஒரு கவுண்டி இருக்கிறது, நம்முடைய மாவட்டம் மாதிரி. அதில் ஹேசல்ஃபோர்ட் என்ற சிறு கிராமத்தின் வரலாற்றுச் சங்கத்தார் தங்கள் ஊர்ச் சரித்திரத்தை எழுதத் தொடங்கியிருந்தார்கள். அந்த ஊரிலிருந்து எட்வின் ஹோல்டன் என்ற ஒருவர் இலங்கைக்குப் போய்ப் பதுளைப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத் துரையாக இருந்தாராம். அந்தத் தோட்டம் இன்னும் இருக்கிறதா, யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருந்தார் சங்கத்தின் செயலாளர் டெனிஸ்.

தோட்டம் இருந்தது. தெமோதரையிலிருந்து மேலே ஏறினால் ஒரு மணி நேரம். காகிதத்தில் அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர், சனங்களின் வாயில் கரும்பாறைத் தோட்டம். ஷஹீலா விசாரித்துப் பதில் எழுதினாள். அன்றைக்கே டெனிஸிடமிருந்து இரண்டு பக்கத்தில் நன்றிக் கடிதம் வந்தது.

அதிலிருந்து அவளுக்கு அது ஒரு பித்தாகவே ஆகிவிட்டது. ஹேசல்ஃபோர்ட் தேவாலயத்தின் பழைய பதிவேடுகளைப் படமெடுத்து அனுப்புவார்கள். அந்தக் கோழிக்கிறுக்கலைப் படித்துத் தட்டச்சு செய்து கொடுப்பது அவள் வேலை. பதினைந்து வருடம் பிள்ளைகளின் கையெழுத்தோடு மல்லுக்கட்டியவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடாக இருந்தது. எந்தப் பண்ணையில் எந்தக் குடும்பம் குத்தகைக்கு இருந்தது, ஆலைக்குப் போகும் ஒழுங்கை எங்கே வளைகிறது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். பிறந்து மூன்று நாள் மட்டும் உயிரோடிருந்த குழந்தைக்கும் அந்தப் பதிவேட்டில் பெயரோடு ஒரு வரி இருக்கும். இருநூறு வருடத்துக்கு முந்தி செத்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்காக அவள் அழுததும் உண்டு.

சங்கத்தார் அவளைக் கொண்டாடினார்கள். எங்கள் பதுளை ஆய்வாளர் என்று எழுதினார்கள். கல்யாணம், பிள்ளைகள், வகுப்பு என்று ஒரே தெருவில் கழிந்த வாழ்க்கையில் அப்படி ஒரு பெயர் கிடைக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

புத்தகத்தில் ஹோல்டனுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கினார்கள். அவரைப் பற்றித் தோட்டத்துச் சனங்களில் யாராவது பேசினால் நன்றாயிருக்கும் என்றார் டெனிஸ். ஷஹீலா கரும்பாறைக்குப் போய்த் தேடினாள். நேரில் கண்டவர்கள் யாரும் மிச்சமில்லை. கேட்டு வளர்ந்தவள் ஒருத்தி இருந்தாள், நல்லம்மா. எழுபத்து மூன்று வயது. கல்யாணமாகி அந்தத் தோட்டத்துக்கே வந்து, முப்பத்தெட்டு வருடம் கொழுந்து எடுத்து ஓய்ந்தவள். மகள் ஜீவராணி தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், தாய்மார் மலைக்குப் போனபின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். ஓல்டன் தொரையைப் பற்றி எங்கம்மா சொன்னது நெறைய இருக்கு, அவங்க ஊர்க்காரங்ககிட்ட சொல்றதுன்னா நான் சொல்றேன் என்று நல்லம்மா உடனே சம்மதித்தாள். என்ன சொல்வாள் என்று ஷஹீலா முன்கூட்டிக் கேட்டு வைக்கவில்லை. நேரடியாகக் கேட்டால்தான் உயிர் இருக்கும் என்று டெனிஸ் சொல்லியிருந்தார்.

அந்த வீடியோ அழைப்பு 2022ஆம் வருடம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நடந்தது. தோட்டத்துக் கோயில் மண்டபத்தில்தான் சிக்னல் கிடைத்தது. ஷஹீலா மடிக்கணினியை ஒரு ஸ்டூலில் வைத்தாள். நல்லம்மா பச்சைச் சேலை கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்து உட்கார்ந்தாள். திரையில் ஹேசல்ஃபோர்ட்டின் மண்டபம். முப்பது பேர் இருக்கும். முன்வரிசையில் ஹோல்டனின் பேத்தி மார்கரெட். வெண்பஞ்சுத் தலை, கையில் சட்டம் போட்ட அவர் படம். தாத்தா தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போன கதையை அவள் நடுங்கும் குரலில் சொன்னாள். தான் சாவதற்குள் அவர் வாழ்ந்த இடத்தைப் பார்க்கக் கிடைத்ததே என்றாள். பிறகு டெனிஸ் எழுந்து, புத்தக வெளியீட்டுக்கு ஷஹீலாவை விருந்தாளியாக வரவழைக்கப் போகிறோம் என்று அறிவித்தார். மண்டபமே கைதட்டியது. ஷஹீலாவுக்குக் காது சூடாகிவிட்டது.

அந்தக் கைதட்டல் ஓய்ந்த கையோடு நல்லம்மா பேசினாள். அழவில்லை, குரலை உயர்த்தவுமில்லை.

“எங்கப்பா ராமசாமி தொழிலாளர் சங்கத்துல சேந்தாரு. அது ஓல்டன் தொரைக்குப் புடிக்கல. தோட்டத்த விட்டுப் போகச் சொல்லிப் பத்துச்சீட்டு குடுத்துட்டாரு. ஐப்பசி மாசம், விடாத மழ. லயத்துல எங்களுக்குக் குடுத்திருந்த காம்பராவுல இருந்த சட்டி பானையெல்லாம் வெளிய தூக்கிப்போட்டு, கதவ ஆணி வச்சு அடிச்சுட்டாங்க. எங்கண்ணனுக்கு அப்ப மூணு வயசு. கடுங்காய்ச்சல். ரெண்டே ரெண்டு நாள் இருக்க விடுங்கன்னு எங்கம்மா வேலாயி தொரை கால்ல விழுந்துச்சாம். அவரு குதிரையத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாராம். தெமோதர ஸ்டேசன்ல போய் ஒதுங்குனாங்க. அங்கயே புள்ள செத்துப்போச்சு. நான் பொறக்குறதுக்கு ஒம்பது வருசத்துக்கு முந்தி. அவன் பேரு முத்துவீரன். அந்தப் பேர மட்டும் புத்தகத்துல போடச் சொல்லுங்க டீச்சரம்மா. அவனுக்கு வேற எங்கயும் எழுத்து இல்ல.”

சொல்லிவிட்டு ஷஹீலாவைப் பார்த்தாள். திரையில் முப்பது பேரும் ஷஹீலாவைப் பார்த்தார்கள். மார்கரெட் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, முன்னால் சாய்ந்து காத்திருந்தாள்.

அதை ஆங்கிலத்தில் சொல்ல ஷஹீலா வாயைத் திறந்தாள். இப்படிச் சொல்ல வேண்டும் என்று அவள் திட்டம் போட்டு வைத்திருக்கவில்லை. ஆனால் வாய் தடுமாறவும் இல்லை. நல்லம்மாவின் வாய்மொழியாகவே, ஹோல்டன் கண்டிப்பானவர்தான் என்றாள். ஆனாலும் எங்களுக்குத் தகப்பன் மாதிரி இருந்தார் என்று என் அம்மா சொல்வார் என்றாள். மழைக்காலத்தில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் குதிரையில் லயத்துக்கே வந்து பார்த்துவிட்டுப் போவாராம் என்றாள். மழை, காய்ச்சல், குதிரை என்று நல்லம்மா சொன்ன சொற்களையே எடுத்து வேறு விதமாகக் கோர்த்துவிட்டாள்.

மார்கரெட் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். பக்கத்திலிருந்தவர்கள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அதைப் பார்த்த நல்லம்மாவுக்கும் கண் நிறைந்தது. திரையைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள்.

திரும்பி வரும்போது, யாருக்கு என்ன நட்டம் என்று ஷஹீலா தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். கிழவி மனதில் கிடந்ததைக் கொட்டிவிட்டாள், அந்த அம்மாவுக்கும் சந்தோஷம். உண்மையைப் பிறகு நேரமெடுத்து ஆறுதலாக டெனிஸுக்கு எழுதலாம். எழுதவில்லை. அடுத்த வருடம் அச்சுக்குப் போகுமுன் அந்த அத்தியாயத்தைச் சரிபார்க்கும்படி அனுப்பிவைத்தார்கள். அறுபத்திரண்டாம் பக்கத்தில் பச்சைச் சேலையோடு நல்லம்மா. கீழே, ‘அவர் எங்களுக்குத் தகப்பன் மாதிரி’ என்று பெரிய எழுத்தில். ஷஹீலா அந்தப் பக்கத்தில் இரண்டு கால்புள்ளிகளைத் திருத்தித் திருப்பி அனுப்பினாள்.

புத்தகம் வந்த நாளில் றவூப் பார்சலைத் தானே பிரித்தார். முதல் பக்கத்தில் மனைவியின் பெயரைக் கண்டதும் அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. பத்துப் பிரதிகளில் ஐந்தைக் கடை மேசையில் அடுக்கினார். ஆணி வாங்க வந்தவனுக்கும் பெயின்ட் வாங்க வந்தவனுக்கும் திறந்து காட்டினார். வேண்டாமே என்று ஷஹீலா சொல்லிப் பார்த்தாள். அடக்கமாக்கும் என்று அவர் சிரித்தார். வெளியீட்டு விழா தள்ளிப்போனதால், அதற்கு அடுத்த சித்திரையில் வரச்சொல்லும் அழைப்புக் கடிதமும் பார்சலுக்குள் இருந்தது.

மறு ஞாயிற்றுக்கிழமை ஜீவராணி மாடியேறி வந்தாள். மாதச் சாமான் வாங்க டவுனுக்கு வந்தவள், கையில் இரண்டு பை. வகுப்பு முடியும்வரை வாசலிலேயே நின்றாள்.

“டீச்சர், புத்தகம் வந்துருச்சாங்க? அம்மா தெனம் கேக்குது. அதோட அண்ணன் பேரு அச்சுல எப்படி இருக்குன்னு பாக்கணுமாம்.”

“இன்னும் வரல்ல மகள். கப்பல்ல வருதாம். வந்ததும் நானே கொண்டாறேன்.”

சரிங்க டீச்சர் என்று அவள் இறங்கிப்போனாள். ஷஹீலா கரும்பலகையைத் துடைத்தாள். கீழே மேசையில் அந்தப் புத்தகங்கள் இருப்பது அவளுக்கு நினைவிருந்தது. நேரே வெளியே போய்விடுவாள், உள்ளே எட்டிப் பார்க்கமாட்டாள் என்று நம்பிக்கொண்டு சுத்தமான பலகையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

பகல் சாப்பாட்டில் றவூப் மீனைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். “அந்தத் தோட்டத்துப் புள்ள வந்திச்சி. மேசையில புத்தகத்தக் கண்டுட்டு அப்படியே நின்டிச்சி. அதுட உம்மாட படம் தானே ஈக்கிது, ஒண்டக் குடுத்து உட்டேன்.”

ஷஹீலா பாதிச் சோற்றோடு எழுந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் அவள் தன்னோடு வழக்காடினாள். ஜீவராணி பள்ளியில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள். முழுவதும் விளங்காவிட்டாலும் தகப்பன் என்ற ஒரு சொல் விளங்காமல் போகுமா? பெயர் இல்லாதது கண்ணில் படாமல் போகுமா? கப்பலில் வருகிறது என்று முகத்தைப் பார்த்துச் சொன்னோமே என்று நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசியது. தொழுகையில் நின்றால் ஓதியது எது, ஓதாதது எது என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் வகுப்பை ரத்துச் செய்துவிட்டு த்ரீவீல் பிடித்துக் கரும்பாறைக்குப் போனாள்.

பின்னேரம் நான்கரை. கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டுப் பெண்கள் லயத்துக்குத் திரும்பியிருந்தார்கள். ஜீவராணி பாதையிலேயே எதிர்ப்பட்டாள். ஷஹீலா ஏதோ சொல்லத் தொடங்கினாள். அவள் இடைமறித்தாள்.

“நான் அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லல டீச்சர். எனக்கு இங்கிலீஸ் சரியாத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். டீச்சர் வந்து வாசிப்பாங்கன்னு அது பாத்துக்கிட்டு இருக்கு. நீங்களே வாசிங்க.”

காம்பராவில் சாமிப் படங்களுக்குக் கீழே, மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள் புத்தகத்தை. நல்லம்மா கையைக் கழுவித் துடைத்துவிட்டு அதை எடுத்து வந்தாள். டீச்சரம்மா வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பக்கத்துக் காம்பராப் பெண்கள் ஐந்தாறு பேர் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி, தொரையின் பேத்தியே அழுதுச்சாமே என்று மற்றவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஷஹீலா அறுபத்திரண்டாம் பக்கத்தைத் திறந்தாள். இங்கே இந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். முத்துவீரன் பெயர் இதோ இருக்கிறது என்று எந்தச் சொல்லையாவது விரலால் தொட்டுக் காட்டினால் நல்லம்மா நம்பிவிடுவாள், அந்தச் சொல்லைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். ஜீவராணியும் காட்டிக்கொடுக்கமாட்டாள். இந்த யோசனை வந்ததே என்பதுதான் ஷஹீலாவுக்குத் தாங்கவில்லை. புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“அம்மா, இதுல நீங்க சொன்னது இல்ல. நான் அன்டைக்கு மாத்திச் சொல்லிட்டேன்.”

நல்லம்மாவுக்கு விளங்கவில்லை. அச்சடித்தவர்கள் மாற்றிவிட்டார்களா என்று கேட்டாள். இல்லை, நான்தான் என்றாள் ஷஹீலா. பிறகு புத்தகத்தைத் திரும்ப எடுத்து, அந்தப் பக்கத்தில் இருந்ததை ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னாள். தகப்பன் மாதிரி என்றதைச் சொன்னாள். காய்ச்சல்காரப் பிள்ளையைக் குதிரையில் வந்து பார்த்தார் என்றதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல வாசலில் பேச்சு நின்றுபோனது. ஒருத்தி எழுந்து, தன் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நல்லம்மா புத்தகத்தை வாங்கி, படத்தில் இருந்த தன் முகத்தைத் தடவிப் பார்த்தாள்.

“அப்ப அந்த வெள்ளக்காரம்மா எதுக்கு அழுதுச்சு?”

நல்லம்மா புத்தகத்தை மூடி மஞ்சள் துணியின் மேல் வைத்தாள்.

“எங்கண்ணனுக்காகன்னுல்ல நெனச்சேன். தாத்தன் செஞ்ச பாவத்துக்குப் பேத்தியாவது அழுதுச்சேன்னு கோயில்ல வெளக்கு வச்சேன். இந்த மலையில ஒருத்தர் பாக்கியில்லாம சொல்லிப்புட்டேனே.”

குரலில் கோபம் இருந்திருந்தால் ஷஹீலா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பாள். கோபம் இல்லை. முழுத் தோட்டத்துக்கும் முன்னால் தான் ஏமாளியாகிப்போனதை அந்தக் கிழவி மெல்ல மெல்ல உணர்ந்துகொண்டிருந்தாள். அதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள் ஷஹீலா. அந்தச் சொல் அவள் காதுக்கே அற்பமாகக் கேட்டது. எழுதி எல்லாவற்றையும் சரிசெய்கிறேன் என்றாள். நல்லம்மா மகளிடம் தேத்தண்ணி ஊற்றச் சொன்னாள். மழை வரும் போலிருக்கிறது, குடித்துவிட்டு நேரத்தோடு போங்கள் என்றாள். அந்தத் தேத்தண்ணியை ஷஹீலா ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். மறுக்க அவளுக்கு முகம் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து றவூபிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சத்தம் போடவில்லை. கீழே போய் மேசையில் மிச்சமிருந்த நாலு புத்தகங்களையும் அள்ளி வந்து அலுமாரிக்குள் வைத்தார்.

“அந்த சின்னப் புள்ளட பேர நீ எனக்கும் செல்லல்லயே” என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை சுபஹ் தொழுதுவிட்டு உட்கார்ந்தாள். சங்கத்தார் தங்கள் இணையதளத்தில் போட்டிருந்த அந்த வீடியோ அழைப்பின் பதிவை ஓடவிட்டு, நல்லம்மாவின் பேச்சைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் எழுதினாள். நான் பொய்யாக மொழிபெயர்த்தேன், தெரிந்தேதான் செய்தேன், அச்சுக்கு முன் திருத்த வாய்ப்பிருந்தும் திருத்தவில்லை என்று மேலே எழுதினாள். நீங்கள் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று ஒரு காரணமும் எழுதியிருந்தாள். பிறகு அந்த வரியை அழித்தாள். அழைப்புக் கடிதத்தையும் வாபஸ் பெறும்படி கேட்டு டெனிஸுக்கு அனுப்பிவிட்டாள்.

ஆறு வாரம் பதிலே இல்லை. முன்பெல்லாம் கிழமைக்கு இரண்டு பதிவேட்டுப் படங்கள் வரும், அதுவும் நின்றுபோனது. ஷஹீலா வகுப்பு நடத்தினாள். பிள்ளைகளின் மொழிபெயர்ப்புக் கொப்பிகளைத் திருத்தும்போது சிவப்புப் பேனையைப் பிடிக்கவே கூசியது.

ஏழாம் வாரம் தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. டெனிஸின் கடிதம் சுருக்கமாக இருந்தது. ஹோல்டனின் நாட்குறிப்புகளைக் குடும்பத்தார் எப்போதோ கவுண்டி ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்திருந்தார்களாம். புத்தகத்துக்காக நாங்கள் அவற்றில் தோட்டத்துப் பூக்களையும் கிரிக்கெட் ஆட்டங்களையும் மட்டுமே பார்த்து எழுதினோம், அதற்கு நாங்களும் வெட்கப்படுகிறோம் என்று எழுதியிருந்தார். இந்த முறை அவரே போய் 1940ஆம் வருடத்து நாட்குறிப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்கிறார். நவம்பர் பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தின் பிரதி உறைக்குள் இருந்தது. சாய்ந்த, சீரான கையெழுத்து. ஷஹீலாவுக்குப் படிக்கச் சிரமமே இருக்கவில்லை. ‘ராமசாமி குடும்பத்தை லயத்திலிருந்து வெளியேற்றியாயிற்று. நாள் முழுக்க நல்ல மழை. கொழுந்துக்கு நல்லது.’

விற்காத பிரதிகளில் அறுபத்திரண்டாம் பக்கத்தின் மேல் ஒட்டுவதற்கு ஒரு தாள் அச்சடித்து, அதையும் வைத்திருந்தார்கள். நல்லம்மா சொன்னது முழுதும் அதில் இருந்தது. கடைசி வரியில் முத்துவீரன், வயது மூன்று, தெமோதரை ரயில் நிலையம். பதிவேட்டு வேலையை இனி வேறு ஒருவர் செய்வார் என்றும், இதுவரை செய்ததற்கு நன்றி என்றும் டெனிஸ் முடித்திருந்தார். கூடவே, மார்கரெட் தன் கையால் நல்லம்மாவின் பெயர் எழுதி ஒட்டிய ஒரு சிறிய உறை. ஷஹீலாவுக்கு அவளிடமிருந்து ஒன்றும் இல்லை.

அடுத்த ஞாயிறு ஷஹீலா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கரும்பாறைக்குப் போனாள். ஒட்ட வேண்டிய தாளை ஜீவராணிதான் சோற்றுப் பசை தடவி ஒட்டினாள். முத்துவீரன் பெயர் எங்கே என்று மகள் காட்ட, நல்லம்மா அதன் மேல் விரலை வைத்தாள். விரல் அங்கேயே இருந்தது. நாட்குறிப்பைப் பற்றி ஷஹீலா சொன்னபோது மட்டும் நிமிர்ந்து, எங்கம்மா சொன்னது பொய்யில்லை என்றாள்.

பிறகு சிறிய உறை. பழக்கத்தில் ஷஹீலா வாசிக்கக் கை நீட்டினாள். நல்லம்மா உறையை அந்தக் கையில் கொடுக்கவில்லை.

“நீ படி” என்று மகளிடம் கொடுத்தாள்.

ஷஹீலா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஜீவராணி உறையைப் பிரித்து, வெளிச்சத்துக்காக வாசலருகே போய் நின்றாள். கடிதம் நாலைந்து வரிதான். ஒவ்வொரு சொல்லாகக் கூட்டி வாசித்து, அதைத் தமிழில் சொல்லி, அடுத்த சொல்லுக்குப் போனாள். ஒங்களுக்கு என்ன எழுதுறதுன்னு தெரியல. அந்த டயறி எங்க வீட்டுல ரொம்ப வருசம் இருந்துச்சு. நான் அத வாசிக்கவே இல்ல. அதற்கடுத்த வரியில் நின்றுவிட்டாள். ஒரு நீளமான சொல். உதட்டை அசைத்துப் பார்த்தாள், பிடிபடவில்லை.

அந்தச் சொல் ஷஹீலாவுக்குத் தெரியும். ஜீவராணி வாய்க்குள் முணுமுணுத்த விதத்திலேயே அது என்னவென்று பிடிபட்டுவிட்டது. கேட்டால் சொல்லலாம் என்று தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள்.

யாரும் கேட்கவில்லை. ஜீவராணி போனை எடுத்து, எழுத்தெழுத்தாக அந்தச் சொல்லைத் தட்டித் தேடினாள். நல்லம்மா மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.